ரோட்டுப் பக்கத்து ஜன்னல்

கருப்பண்ணன் கொத்தனார் கரண்டியையும் மட்டப்பலகையையும் தொட்டித் தண்ணீரில் கழுவிக் கவிழ்த்தார். துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார்.

"ஜன்னலை அடைக்கறதா வேண்டாமான்னு ஒரு முடிவாச் சொல்லிப்போடுங்க," என்றார். "நாளைக்கு எனக்குப் பள்ளத்துல ஒரு ஊட்டு வேலை. அங்க போன் எடுக்காது. நாளான்னிக்கு விடியால வாரேன். அடைக்கறதுன்னா கல்லு கெடக்குது, சிமிட்டி கெடக்குது, அரை நாள் வேலை. பூசிக் குடுத்துட்டு சாமானத்தை ஏத்திக்குவேன். அதுக்கு மக்கியா நாள் புது ஊட்டுல உங்களுக்குப் பால் காய்ச்சு. அப்பறம் என்னையத் தேடுனா சித்திரையிலதான்."

"இதுல என்ன ரோசனை? அடைச்சுப்போடு," என்றாள் பாப்பாத்தி.

"வேண்டாங்க அத்தை," என்றாள் அருள்மொழி.

பாப்பாத்தியின் மகனும் அருள்மொழியின் புருசனுமான தனபால், மழை வருமா என்று பார்ப்பவனைப்போல அண்ணாந்தான். தை மாதத்து வானத்தில் ஒன்றும் இல்லை.

புது வீட்டுக்கு மூன்று ஜன்னல்கள். இரண்டு சின்னவை, சமையல்கட்டில் ஒன்றும் பின்னறையில் ஒன்றும். அவற்றைப் பற்றி யாருக்கும் பேச்சில்லை. மூன்றாவது, முன்னறையில் ரோட்டைப் பார்த்து இருந்தது. வாசற்கதவைவிட அகலம். அது அருள்மொழி கேட்டு வைத்தது. மலையிலேயே இன்னொரு பகுதியான திண்ணனூர் நாட்டிலிருந்து கல்யாணமாகி வந்த நாள்முதல் அவள் இருந்தது பக்கத்து ஓட்டு வீட்டில். மண்சுவர், ஒரு வாசல், புகை போக ஒரு பொந்து. நடுப்பகலில் புளிப்பானையைத் தேட விளக்குப் போட வேண்டும். புது வீட்டுக்கு அளவு போட்ட அன்று குச்சியால் தரையில் கீறி, "இங்க பெருசா ஒண்ணு" என்றாள். தனபால் தலையாட்டினான். வீடு கட்டுகிற உற்சாகத்தில், எதிரே பஸ் நிற்கும் இடம் இருப்பது இருவருக்கும் நினைவில் வரவில்லை.

சட்டம் வைத்துக் கண்ணாடி போட்டபிறகுதான் தெரிந்தது. பஸ்ஸுக்கு நிற்கிற ஜனத்துக்குப் பார்க்க வேறொன்றும் இல்லை. மூட்டையை இறக்கிவிட்டு இந்தப் பக்கம் திரும்பி நின்றார்கள். செம்மேட்டில் ஆபீஸ் வேலை பார்க்கும் ரமேஷ்குமார் தினமும் ரோட்டைக் கடந்து வந்து அந்தக் கண்ணாடியில் முகம் பார்த்துத் தலை சீவிக்கொண்டு போனான். ஒருநாள் பாப்பாத்தி உள்ளே கூட்டிக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் கண்ணாடியைத் தட்டி, "பஸ்ஸு போயிருச்சுங்களா?" என்று கேட்டான்.

அன்றைக்குப் பாப்பாத்தி ஆரம்பித்தாள்.

"ஊடா கட்டியிருக்கறீங்க? டூரிங் டாக்கீஸ் கட்டியிருக்கறீங்க. பொழுதன்னிக்கும் ஜனம் நின்னு பாக்குது. டிக்கெட்டு கிழிச்சுக் குடுக்கறது ஒண்ணுதான் பாக்கி. நான் சோறு திங்கறது ஒரு சீனு, சீலை கட்டறது ஒரு சீனு. அந்த ஜன்னல் அப்பிடியே இருந்துதுன்னா நான் பழைய ஊட்டுலயே இருந்துக்கறேன். பால் காய்ச்சறப்ப வந்து ஒரு மொடக்கு குடிச்சுட்டுப் போறேன்."

பழைய வீட்டில் அவள் இருக்க முடியாது. அதன் ஓட்டைப் பிரித்து மாட்டுக் கொட்டகைக்கு வேய்வதாக ஏற்பாடு. அதனால்தான் தனபால் அடைப்பதற்குக் கல்லை மிச்சம் பிடித்து வைத்திருந்தான். அந்தக் கற்கள் ஜன்னலுக்கு நேர்கீழே வெளியில் அடுக்கியிருந்தன. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அருள்மொழி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ஏனுங்க, ஒரே ஒரு நாள் குடுங்க," என்றாள். "நாளைக்கு லோடு எறக்கக் கீழ போறீங்கல்ல, நானும் வாரேன். நல்லதா ஒரு மறைப்பு வாங்கிப் போட்டுட்டா உள்ள இருக்கறது யாருக்குத் தெரியப்போவுது?"

"கெடைக்கலைன்னா?"

"கெடைக்கலைன்னா அடைச்சுக்கங்க. நான் வாயத் தொறக்கல."

கொத்தனார் துண்டை இறுக்கிக்கொண்டு சிரித்தார். "அப்ப எனக்கு அரை நாள் கூலி போச்சு."

"இன்னும் போகல," என்றாள் பாப்பாத்தி.

அருள்மொழிக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஆறு மாதமாக அவள் போனில் பார்த்துக்கொண்டிருந்தது ஜன்னல் மறைப்பைத்தான். வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரத்தடியில்தான் சிக்னல் கிடைக்கும். மிளகு உதிர்க்கிற வேலை முடிந்ததும் அங்கே போய் நிற்பாள். ஏதோ ஒரு பெரிய ஊரில், மாடி வீட்டில், ஒரு பெண் ஒற்றைச் சங்கிலியை இழுப்பாள். துணி சுருண்டு மேலே போகும். வெளிச்சம் உள்ளே விழும். இன்னொரு இழுப்பில் இறங்கி வரும். ரோலர் பிளைண்டு என்று பெயர். அதை வரவழைக்கவும் பார்த்தாள். விலாசத்தைப் போட்டதும், இந்த இடத்துக்கு அனுப்புவதில்லை என்று வந்துவிட்டது.

ஜன்னலை அளக்க டேப் இல்லை. கொத்தனார் கொண்டுபோய்விட்டார். களத்தில் மரவள்ளி பிடுங்கிய குச்சிகள் குவியலாகக் கிடந்தன. நேரான குச்சியாக மூன்று எடுத்தாள். ஜன்னலின் உயரத்துக்கு ஒவ்வொன்றையும் நறுக்கினாள். அதே குச்சியைப் படுக்கை வசத்தில் பிடித்து, அகலம் முடியும் இடத்தில் வாழைநாரால் ஒரு முடிச்சுப் போட்டாள். பெரிய ஜன்னலுக்கு அகலமே அதிகம் என்பதால் அந்தக் குச்சியை மட்டும் அகலத்துக்கு நறுக்கி, உயரம் முடியும் இடத்தில் முடிச்சுப் போட்டாள். மூன்றையும் சேர்த்துக் கட்டி வண்டியில் இருக்கைக்குப் பின்னால் செருகியபிறகுதான் தூங்கப்போனாள்.

காலையில் பாப்பாத்தியும் புறப்பட்டு நின்றாள்.

"நீங்க எதுக்கும்மா? பனியில," என்றான் தனபால்.

"காரவள்ளியில டீக்கடைக் கண்ணாயிக்குப் பால் காய்ச்சுக்குச் சொல்லோணும். நேர்ல சொன்னாத்தான் வருவா. பாக்கு வெத்தலை எடுத்துட்டேன். அப்பறம், உம் பொண்டாட்டி பத்துக் கடை ஏறி எறங்குவா. ஒரு ஆள் கூட இருந்து இழுத்துப் புடிக்கோணும்."

குட்டியானை வண்டியின் முன் பக்கத்தில் மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்தார்கள். பின்னால் மரவள்ளிக் கிழங்கு லோடு, ஜவ்வரிசி மில்லுக்கு. ஈரமண் வாசனை முன்னால் வரைக்கும் அடித்தது. பனி ரோட்டில் படுத்துக்கிடந்தது. தனபால் முகப்பு விளக்கைப் போட்டு, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஹாரனை நீளமாக அடித்துத் திருப்பினான்.

"என்ன கலர் வாங்கப்போற?" என்று கேட்டான்.

"இன்னும் முடிவு பண்ணலைங்க. சந்தன கலர் பாத்து வெச்சிருக்கறேன். இல்லைன்னா இலைப்பச்சை."

"செவுரே இன்னும் வெள்ளையடிக்கல."

"செவுத்துக்கு அப்பறம் அடிச்சுக்கலாம். மறைப்பு கலருக்கு ஏத்தாப்பல."

"கேட்டியாம்மா? துணிக்கு ஏத்தாப்பல ஊடாம்."

"நான் எதுக்குக் கேக்கறேன்?" என்றாள் பாப்பாத்தி. "எனக்கு வேண்டியது செவுரு. அதுக்குக் கலரே வேண்டாம்."

அருள்மொழி சிரித்தாள். சிரித்துக்கொண்டே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்தாள். பாதி வளைவு வரைக்கும் பேச்சு இருந்தது. அதற்குக் கீழே பேச்சு நின்றது. கடைசி வளைவில் அவள் முகம் பழத்தைவிட வெளுத்துவிட்டது. காரவள்ளியில் வண்டி நின்றதும் கதவைத் திறந்துகொண்டு கண்ணாயியின் டீக்கடைக்குப் பின்னால் ஓடினாள்.

வயிறு காலியானபிறகு குழாயடியில் முகம் கழுவி, கொஞ்ச நேரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். தலைசுற்றல் நின்றது. உடனே மறுபடியும் சந்தோசம் வந்தது. இனிமேல் வளைவு இல்லை, சேந்தமங்கலம் வரைக்கும் நேர் ரோடு. கடைக்குள் நுழைந்தாள்.

பாப்பாத்தியும் தனபாலும் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். கண்ணாயி கையில் ஒரு கத்தியும் காலடியில் மரவள்ளி நறுக்குகளும். கடைக்குப் பின்னால் அவளுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. கிணற்றுத் தண்ணீர் பாய்கிற நிலம்.

"வா கண்ணு. முகமெல்லாம் வாடிப்போச்சு," என்றாள் கண்ணாயி. "உங்க மாமியா மலையிலிருந்து வெறுங்கையோட வருவாளா? நல்ல குச்சி. மூணும் என்ன கனம். அதான் வெயிலு ஏறறதுக்குள்ள நட்டுப்போடலாம்னு."

அருள்மொழி நறுக்குகளைப் பார்த்தாள். ஒன்றில் வாழைநார் தொங்கிக்கொண்டிருந்தது.

"அத்தை," என்றாள்.

"என்ன புள்ள? கண்ணாயி கேட்டா. வண்டியில இருந்துச்சு, எடுத்துக் குடுத்தேன். நீ அவளுக்குத்தான் கொண்டாறயாக்கும்னு நெனைச்சேன்."

பாப்பாத்தியை இதில் குற்றம் சொல்ல முடியாது. நடுகுச்சி கேட்ட யாருக்கும் அவள் இல்லையென்று சொன்னதில்லை. விற்றதும் இல்லை. கேட்டவர் நிலத்தில் நன்றாக வந்தால் தன் நிலத்திலும் வரும் என்பது அவள் கணக்கு. வண்டிக்குள் மரவள்ளிக் குச்சி இருந்தால், அது யாருக்கோ நடக் கொண்டுபோவது. வேறு எதற்கு ஒருத்தி மரவள்ளிக் குச்சியை இருக்கைக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றப்போகிறாள்?

"அது ஜன்னல் அளவுங்க அத்தை."

தனபால் டீயை வாயிலிருந்து எடுத்தான். "ஐயோ அம்மா."

"நீ பாத்துக்கிட்டுத்தானடா இருந்த?"

"எனக்கும் தெரியாதே. குச்சின்னுதான் பாத்தேன்."

கண்ணாயி விசயம் புரிந்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு ஓடினாள். நட்டுவிட்ட நறுக்குகளைப் பிடுங்கிக் கொண்டுவந்தாள். எல்லோரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து நறுக்குகளை வரிசையாக வைத்து ஒட்டிப் பார்த்தார்கள். எது எந்தக் குச்சியின் துண்டு என்று யாருக்கும் தெரியவில்லை. தனபால் கணுவுக்குக் கணு பொருத்தி ஒன்றைச் செய்துவிட்டான். அது ஆளைவிட உயரமாக வந்தது.

"இது என்ன ஜன்னலா, கோயில் கோபுரமா?" என்றாள் பாப்பாத்தி.

"நுனியெல்லாம் எங்கீங்க?" என்று கேட்டாள் அருள்மொழி. "மேல மெல்லிசா இருக்குமே."

கண்ணாயி அடுப்பைக் காட்டினாள். டீ கொதித்துக்கொண்டிருந்தது.

சேந்தமங்கலத்துக் கடைத்தெருவில் இருவரையும் இறக்கிவிட்டுத் தனபால் மில்லுக்குப் போனான். "லோடு எறக்கித் திரும்ப மத்தியானம் ஆயிரும். அதுக்குள்ள முடிச்சுருங்க" என்றான். அருள்மொழியைப் பார்த்து, "குத்துமதிப்பா வாங்கு, பாத்துக்கலாம்" என்றான். அவன் குரலில் அதிக நம்பிக்கை இல்லை.

அவர்கள் நுழைந்த திரைத்துணிக் கடையை நடத்துகிறவள் பெயர் கோகிலவாணி. கழுத்தில் டேப், மூக்கில் கண்ணாடி, கையில் கடித்த முறுக்கு. கடை முழுவதும் துணி தொங்கியது. அருள்மொழி வாசலிலேயே நின்றுவிட்டாள். போனில் விரல் அளவில் பார்த்ததெல்லாம் இங்கே ஆள் அளவில் தொங்கின. வளைவில் பட்ட பாடு, அடுப்பில் போன நுனி எல்லாம் மறந்துபோயிற்று.

"வாங்க, வாங்க. புது ஊடுங்களா?"

"எப்பிடிக் கண்டுபுடிச்சீங்க?"

"பழைய ஊட்டுக்காரங்க வெலையப் பாத்துட்டுத்தான் உள்ள வருவாங்க. நீங்க கலரைப் பாக்கறீங்க."

முதலில் ரோலரைக் கேட்டாள். கோகிலவாணி மாதிரிக்கு மாட்டியிருந்ததை இழுத்துக் காட்டினாள். சந்தன நிறம். சங்கிலியை அருள்மொழியின் கையில் கொடுத்தாள். அருள்மொழி இழுத்தாள், துணி மேலே போனது. மறுபக்கம் இழுத்தாள், இறங்கி வந்தது. இன்னொரு தரம் இழுத்தாள்.

"எழவு, தூரி கட்டி ஊஞ்சலாடறாப்பலல்ல வெளையாடறா," என்று பாப்பாத்தி ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

முழுக்க இறக்கியபோது, அதுவரை உருளையில் சுருண்டிருந்த ஓரத்தில் அருள்மொழியின் கண் நின்றது. கடுகைத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். மேலே ஏ.சி. பெட்டியிலிருந்து தண்ணீர் சொட்டிய தடம் சுவரில் இருந்தது. துணியை மூக்கருகே கொண்டுபோனாள். அந்த வாசனை அவளுக்குத் தெரியும். சரியாகக் காயாத மிளகைக் குவித்து வைத்தால் மூன்றாம் நாள் வருகிற வாசனை.

"அக்கா, எங்க ஊட்டுக்குள்ள மார்கழி, தையில பனி வந்து படுத்துக்கும். சுருட்டி வெச்சா ஈரம் உள்ளயே நிக்குமே."

கோகிலவாணி முறுக்கை மென்றுகொண்டே யோசித்தாள். "நிக்கும்," என்றாள். "மலைக்குங்களா? அப்ப சுருட்டறது வேண்டாம் கண்ணு. தொங்கறதுதான் காயும். கழட்டித் தொவைக்கலாம்."

அருள்மொழி சங்கிலியை விட்டுவிட்டாள். ஆறு மாதத்து ஆசை. ஆனால் விட்டதும் கை அடுத்த துணிக்குப் போய்விட்டது. மூங்கில் தட்டி பார்த்தாள். அழகு, ஆனால் பூச்சி அரிக்கும். தடித்த பருத்தி பார்த்தாள். நனைந்தால் காய ஒரு வாரம். பச்சை நிறம் ஒன்றின் ஓரத்தை எச்சில் தொட்டுத் தேய்த்தாள், விரல் பச்சையானது. கோகிலவாணி அதை வாங்கி மடித்து உள்ளே வைத்துவிட்டாள். விலை குறைவான ஒன்றைக் கசக்கிப் பார்த்தாள், சுருக்கம் நின்றுவிட்டது. இன்னொன்றைக் கசக்கினாள். விரித்ததும் பழையபடி விழுந்தது. விலையும் கைக்கு அடங்கியது. இலைப்பச்சையில் வெள்ளைக் கோடு.

"இதுங்க அக்கா. இதான்."

"நல்ல துணி. சாயம் போவாது. ஒதறிப் போட்டா மணி நேரத்துல காஞ்சுரும். இங்கயே தெச்சு வளையம் போட்டுத் தந்தர்றேன், மிசின் பின்னால ஓடுது. அளவு சொல்லுங்க."

அப்போதுதான் அருள்மொழிக்கு அடுப்பில் போன நுனி மறுபடி நினைவுக்கு வந்தது.

நடந்ததைச் சொன்னாள். கோகிலவாணி சிரித்த சிரிப்பில் கண்ணாடி நழுவியது. பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ரெடிமேடு உண்டுங்க, அஞ்சடி, ஏழடி. உங்க அகலத்துக்கு எத்தனை பாகம் வேணும்னு தெரியோணும். கம்பியும் அறுத்துக் குடுக்கோணும். குத்துமதிப்புன்னா ஓரத்துல சந்து வுழும். அறுத்த துணியத் திருப்பி எடுக்க முடியாது. கூடுதலா எடுத்துக்கறீங்களா, ஒரு காப்பங்கு சேத்து?"

அருள்மொழி சுருக்குப்பையைத் திறந்து பார்த்தாள். மூடினாள்.

"அவ்வளவுக்கு வராதுங்க அக்கா. இது பால் காய்ச்சுக்குச் சேலை எடுக்க அவரு குடுத்தது. இதுக்குள்ளதான் முடிக்கோணும்."

"அப்ப சேலை?" இதைக் கேட்டது பாப்பாத்தி.

"கல்யாணச் சேலை இருக்குதுங்க அத்தை. ரெண்டு தடவதான் கட்டியிருக்கறேன்."

பின்னால் தையல் மிசின் ஓடி நின்றது. அருள்மொழி கண்ணை மூடி ஜன்னலை நினைத்தாள். வெளிச்சம்தான் நினைவில் வந்தது, அளவு வரவில்லை. எத்தனை கம்பி என்று எண்ணிப் பார்த்தாள். கம்பிக்கும் கம்பிக்கும் எவ்வளவு இடைவெளி என்று தெரியவில்லை. பச்சைத் துணியை மடித்து மேசைமேல் வைத்தாள்.

"போலாங்க அத்தை. அடைச்சுக்கட்டும். நீங்க சொன்னாப்பலயே ஆகட்டும்."

பாப்பாத்தி எழுந்தாள். கதவுப் பக்கம் போகாமல், துணி மாட்டாத வெறும் சுவர் இருந்த பக்கம் போனாள். செருப்பைக் கழற்றினாள். சுவருக்கு முகம் கொடுத்து நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

"இந்தாம்மா, டேப்பைக் கொண்டா," என்றாள்.

கோகிலவாணி பக்கத்தில் போனாள்.

"எடது கை இப்பிடிச் சட்டத்தப் புடிச்சுக்கும். முழு உள்ளங்கை. வலது கைய நீட்டுனா எட்டாது. நடுவெரலுக்கு அக்கட்டால நாலு வெரல் தள்ளி இருக்குது சட்டம். வெச்சுப் புடி. உசரம், உச்சந்தலைக்கு மேல ஒரு சாண். கீழ..." அவள் லேசாகக் குனிந்து, முழங்கையை மடக்கி, இல்லாத ஒரு திண்டின்மேல் ஊன்றினாள். ஊன்றிய இடம் ஆடவில்லை. "மொழங்கை இங்க வரும். இங்க வரைக்கும் ஜன்னலு."

கோகிலவாணி அளந்து சுவரில் சாக்கட்டியால் கோடு போட்டாள். நான்கு கோடுகளும் சேர்ந்தபோது கடைச் சுவரில் ஒரு ஜன்னல் இருந்தது. அருள்மொழிக்குப் பார்த்ததுமே தெரிந்தது. அதுதான். அதேதான்.

"அத்தை, எப்ப அளந்தீங்க?"

"அளக்கல."

"அப்பறம்?"

"நின்னிருக்கறேன்." பாப்பாத்தி சுவரைப் பார்த்தபடியே சொன்னாள். "செவுத்துக்குத் தண்ணி ஊத்தறது யாரு? நீங்க எந்திரிக்கறதுக்கு முன்னாலயே கொடத்தை எடுத்துட்டு வந்துருவேன். ஊத்திப்போட்டு அங்க நிப்பேன். சட்டம் வெச்ச நாள்ல இருந்து. மொதல் பஸ்ஸு வளைவுல திரும்பறப்ப அந்த லைட்டு நம்ம மொளகுக்கொடி மேலயெல்லாம் ஒரு ஓட்டம் ஓடும். எலை எலையாத் தெரியும். அப்பறம் பனி கலையும். பழைய ஊட்டுல விடியறதை நான் எங்க பாத்தேன்? வாசல் தெளிக்கறப்ப குனிஞ்சுக்கிட்டே பாத்ததுதான். நிமிந்தா அதுக்குள்ள விடிஞ்சிருக்கும்."

"அப்பறம் ஏன் அத்தை அடைக்கச் சொன்னீங்க?"

"ஒருத்தி பராக்குப் பாத்துக்கிட்டு நிக்கறதை ஊரே பஸ்ஸுல போறப்ப பாத்தா நல்லாவா இருக்குது? ஒருநாள் கண்டக்டரு கையாட்டறான் என்னையப் பாத்து. மானம் போச்சு."

கோகிலவாணி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் வேறொரு துணி இருந்தது. வலை போல மெல்லிசு, வெள்ளை. கண்ணாடிக் கதவுக்கு உள்பக்கம் அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, இதுக்குப் பின்னால நில்லுங்க. நீ ரோட்டுக்குப் போ கண்ணு."

அருள்மொழி ரோட்டில் இறங்கித் திரும்பினாள். கண்ணாடியில் அவளும், ஒரு சைக்கிளும், எதிர்க்கடையும் தெரிந்தன. அதற்குப் பின்னால் வெள்ளை. மாமியார் இல்லை. முகத்தைக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள், அப்போதும் இல்லை.

"மூக்குத்தி திருகு கழண்டிருக்குது பாரு, போட்டுக்க," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

அருள்மொழி மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். கழன்றுதான் இருந்தது.

"ஒண்ணு மட்டும்," என்றாள் கோகிலவாணி. "உள்ள லைட்டுப் போட்டீங்கன்னா வெளிய தெரிஞ்சுரும். பொழுது எறங்குனதும் அந்தப் பச்சைத் துணிய இழுத்து வுட்டரோணும். காலையில பச்சையை ஒதுக்கிப்போட்டு மெல்லிசு மட்டும். ரெண்டும் வேணும்."

ரெண்டுக்கும் பணம் வராது என்று அருள்மொழிக்குத் தெரிந்தது. மேசையைச் சுற்றி மூன்று பெண்களும் நின்று யோசித்தார்கள். சின்ன ஜன்னல் இரண்டுக்கும் என்று அருள்மொழி எடுத்துவைத்திருந்த துணியைப் பாப்பாத்தி தள்ளிவைத்தாள்.

"அதுக்கெல்லாம் கடைத்துணி எதுக்கு? என்ற நூல்சேலை கெடக்குது ரெண்டு, கிழிச்சுத் தெச்சுக்கலாம். சமையக்கட்டுல பொகையடிக்கற எடத்துக்குப் போயி. பெருசுக்கு மட்டும் ரெண்டும் எடு. நல்லதா எடு. அதுல கஞ்சத்தனம் பண்ணாதே."

இழுத்துப் பிடிக்க வந்தவள் அவள்தான். அருள்மொழி சிரிப்பை உதட்டுக்குள் வைத்துக்கொண்டு இலைப்பச்சையையும் வெள்ளை வலையையும் நீட்டினாள். பின்னால் மிசின் மறுபடியும் ஓட ஆரம்பித்தது.

மத்தியானம் தனபால் வந்தபோது கடைவாசலில் இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பன் தின்றுகொண்டு நின்றார்கள். நடுவில் இரண்டு நீளக் கம்பிகள்.

"அளவுக்கு என்ன பண்ணுனீங்க?"

"அத்தை குடுத்தாங்க."

"அம்மாவா? அதுக்கு எப்பிடித் தெரியும்?"

"வண்டிய எடுறா," என்றாள் பாப்பாத்தி. "வளைவுல பொறுமையாத் திருப்பு. கம்பி வளைஞ்சுரும்."

மறுநாள் விடிந்தும் விடியாமலும் கருப்பண்ணன் வந்துவிட்டார். வந்ததும் வெளியே அடுக்கியிருந்த கற்களைத் தொட்டுப் பார்த்தார். பனியில் நனைந்திருந்தன. சிமெண்டைக் குழைக்கத் தொட்டியில் தண்ணீர் மொண்டார்.

"இருங்கண்ணா, ஒரு நிமிசம்," என்றாள் அருள்மொழி.

தனபால் ஸ்டூல்மேல் ஏறிக் கம்பிகளை மாட்டினான். அருள்மொழி கீழேயிருந்து வளையங்களைக் கோத்துக் கொடுத்தாள். கடைச் சுவரில் சாக்கட்டிக் கோடு சரியாகத்தான் இருந்தது. ஆனால் இது சுவரல்ல, ஜன்னல். துணி வலப்பக்கம் போகப் போக மூச்சை அடக்கினாள். கடைசி வளையம் சட்டத்தைத் தாண்டிப் போய் நின்றது. நாலு விரல் தாண்டி. சந்து இல்லை. கீழே திண்டைத் தொட்டும் தொடாமலும் ஓரம் விழுந்தது.

"அளவெடுத்துத் தெச்சாப்பல இருக்குதே," என்றான் தனபால்.

"அளவெடுத்துத்தான் தெச்சது," என்றாள் அருள்மொழி.

பச்சையை இரண்டு பக்கமும் ஒதுக்கினாள். வெள்ளை மட்டும் நின்றது. ரோட்டில் பஸ்ஸுக்கு ஜனம் சேர்ந்திருந்தது. பழக்கத்தில் எல்லோரும் இந்தப் பக்கம் திரும்பினார்கள். திரும்பியவர்கள் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பார்க்க ஒன்றும் இல்லை என்றதும் ஒவ்வொருவராக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

கருப்பண்ணன் வாசலில் வந்து நின்றார். "அப்ப அடைக்கல. என்ற அரை நாள் கூலி போனது போனதுதான்."

"போகல," என்றாள் பாப்பாத்தி. "அந்தக் கல்லையெல்லாம் உள்ள எடுத்தா. ஜன்னலுக்குக் கீழ ஒரு மேடை கட்டு. ரெண்டு பேரு ஒக்கார்றாப்பல. நின்னு நின்னு காலு வலிக்குது."

"அடைக்க வெச்ச கல்லுலயா?"

"ஆமா. டாக்கீசுல பெஞ்சு வேண்டாமா?"

தனபால் கல்லைத் தூக்க வெளியே போனான். அருள்மொழி மாமியாருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். துணியில் புது வாசனை. அதற்கு அப்பால் பனி, மிளகுக்கொடி, மூட்டைகள், ஆட்கள். ரமேஷ்குமார் ரோட்டைக் கடந்து நேராக அவர்களை நோக்கி வந்தான். சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்தான். ஒரு முழத் தூரத்தில் நின்று, அவர்கள் இருவரின் முகத்துக்கும் நடுவில் பார்த்துத் தலை சீவ ஆரம்பித்தான். உதட்டைக் குவித்தான். புருவத்தைத் தடவினான்.

அருள்மொழி முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

பாப்பாத்தி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"வகுடு கோணலாப் போவுது சாமி," என்றாள். "இன்னும் கொஞ்சம் எடப்பக்கம் எடு."